எடைக்கு எடை: போர்க்கப்பல் வடிவமைப்பின் கணக்கு

போர்க்கப்பலை வடிவமைப்பவர் முன் வைக்கப்படும் கோரிக்கைகளைத் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமாகவே தோன்றும். அவற்றை ஒரே கப்பலுக்குள் அடக்க முற்படும்போதுதான் அவை ஒன்றுக்கொன்று பகை என்பது தெரியவரும். எதிரியைத் தொலைவிலேயே தாக்கும் ஆயுதம், எதிரியின் அடியைத் தாங்கும் பாதுகாப்பு, துரத்தவும் தப்பவும் போதிய வேகம் ஆகிய மூன்றும் முதன்மையானவை. துறைமுகம் திரும்பாமல் நெடுந்தூரம் ஓடும் திறன், புயலில் கவிழாத உறுதி, நூற்றுக்கணக்கான மாலுமிகள் மாதக்கணக்கில் உண்டு உறங்குவதற்கான இடம், அரசு ஒதுக்கிய நிதிக்குள் அடங்கும் விலை ஆகியவை அவற்றைத் தொடர்ந்து வருபவை. இவற்றுள் ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றைக் குறைத்தாக வேண்டும். எதைக் குறைப்பது என்ற முடிவோ, வரவிருக்கும் போர் எத்தகையது, எதிரி யார், சண்டை எவ்வளவு தொலைவில் நடக்கும் என்பன பற்றிய ஊகத்தைச் சார்ந்தது. அந்த ஊகம் எஃகாக உருப்பெற்றுக் கடலில் இறங்கிய பிறகு, முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு அதை எளிதில் மாற்ற இயலாது. கடற்படைகளின் வரலாற்றிலும் அறிவியல் புனைகதைகளிலும் வரும் போர்க்கப்பல்களை இந்தக் கணக்கின் வழியே ஆராய்ந்தால், சில கப்பல்கள் ஏன் வென்றன, சில ஏன் தம்மைக் கட்டியவர்களையே கைவிட்டன என்பது விளங்கும்.

மிதப்பதன் விதி

மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்குகிறது என்பது ஆர்க்கிமிடீஸ் கண்ட விதி. அவ்வாறு விலக்கப்படும் நீரின் எடைக்கு இடப்பெயர்ச்சி என்று பெயர். போர்க்கப்பல்களின் அளவு டன் கணக்கில் குறிக்கப்படுவது இதனால்தான். கவசத் தகட்டின் தடிமனைக் கூட்டினால் எடை கூடுகிறது. அந்த எடையைத் தாங்கக் கப்பலின் உடலைப் பெருக்க வேண்டியிருக்கிறது. பெருத்த உடலைப் பழைய வேகத்திலேயே செலுத்தப் பெரிய எந்திரமும், அதற்குக் கூடுதல் எரிபொருளும் தேவைப்படுகின்றன. நீண்டுவிட்ட எந்திர அறைகளைக் காக்க மேலும் கவசம் வேண்டியிருக்கிறது. ஆகவே வடிவமைப்பாளர் ஒரு டன் சேர்க்க ஒப்புக்கொண்டால், வரைபடம் முடிவதற்குள் அது பல டன்னாக வளர்ந்து நிற்கும்.

இந்தக் கணக்கில் மிகக் கடுமையான விலை கேட்பது வேகம். கப்பல் விரைந்து செல்லும்போது அதன் ஆற்றலின் பெரும்பகுதி அலைகளை எழுப்புவதிலேயே செலவாகிறது. இதை முறையாக ஆராய்ந்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஃப்ரூட். 1870களில் டார்கீ நகரில் நீண்ட நீர்த்தொட்டி ஒன்றை அமைத்து, சிறு மாதிரிக் கப்பல்களை அதில் இழுத்துச் சோதித்து, பெரிய கப்பல் சந்திக்கவிருக்கும் தடையை முன்கூட்டியே கணிக்கும் வழியை அவர் வகுத்தார். தோராயமாகச் சொன்னால், தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. அதாவது வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு ஆற்றல் வேண்டும். உடலின் நீளத்துக்கு உரிய இயல்பான வேகத்தைத் தாண்டினால் விலை அதற்கும் மேலே போகும்.

நான்கு நாட் வேகத்துக்குக் கொடுத்த விலை

இந்த விதி நடைமுறையில் எப்படிச் செயல்பட்டது என்பதை, பிரிட்டிஷ் கடற்படைத் தலைமைத் தளபதியாக இருந்த ஜான் ஃபிஷரின் முயற்சியால் அடுத்தடுத்துக் கட்டப்பட்ட இரண்டு கப்பல்களை அருகருகே வைத்துப் பார்த்தால் அறியலாம். 1906இல் முடிக்கப்பட்ட டிரெட்நாட், எதிரிக் கப்பல் வரிசையோடு நேருக்கு நேர் மோதுவதற்கான பேட்டில்ஷிப் என்னும் வகையைச் சேர்ந்தது. 1909இல் பணிக்கு வந்த இன்வின்சிபிள், பிற்காலத்தில் பேட்டில்க்ரூசர் என்று பெயர் பெற்ற புதிய வகையின் முதல் கப்பல். இரண்டும் ஏறக்குறைய ஒரே எடை கொண்டவை. முன்னது சுமார் 18,000 டன், பின்னது சுமார் 17,000 டன். இரண்டும் 12 அங்குலப் பீரங்கிகளையே ஏந்தின. இரண்டும் அன்று புதுமையாக இருந்த நீராவி டர்பைன்களால் இயங்கின.

டிரெட்நாட்டின் வேகம் 21 நாட், அதாவது மணிக்கு 21 கடல் மைல். இன்வின்சிபிளுக்கு நிர்ணயிக்கப்பட்ட வேகம் 25 நாட். இடையே உள்ள நான்கு நாட் சிறிய தொகையாகத் தோன்றினாலும், அதைப் பெற எந்திரத் திறனை 23,000 குதிரைத்திறனிலிருந்து 41,000 குதிரைத்திறனாக உயர்த்த வேண்டியிருந்தது. கொதிகலன்கள் 18இலிருந்து 31 ஆயின. அவற்றுக்கு இடம் தருவதற்காக உடல் சுமார் 12 மீட்டர் நீண்டது. எடை கூடாமல் இவ்வளவையும் சாதிக்க, பத்துப் பீரங்கிகள் எட்டாகக் குறைக்கப்பட்டன. நீர்மட்டத்தை ஒட்டிக் கப்பலின் இருபுறமும் ஓடும் முதன்மைக் கவசம் 11 அங்குலத்திலிருந்து 6 அங்குலமாகச் சுருங்கியது.

இந்தப் பேரத்துக்குப் பின்னால் தெளிவான ஒரு கருத்து இருந்தது. தன்னைவிட வலிமையான கப்பலைக் கண்டால் வேகத்தால் விலகிச் செல்லலாம். தன்னைவிட மெலிந்த கப்பலைக் கண்டால் அதே வேகத்தால் நெருங்கிப் பெரிய பீரங்கியால் அழிக்கலாம். எனவே வேகமே கவசத்தின் வேலையைச் செய்யும் என்று ஃபிஷர் வாதிட்டார். பேரரசின் வணிகக் கப்பல்களை வேட்டையாடும் பகைக் க்ரூசர்களைத் தேடி அழிப்பதே இக்கப்பல்களுக்கு விதிக்கப்பட்ட முதன்மைப் பணிகளுள் ஒன்று. அந்தப் பணிக்கு இந்தக் கணக்கு பொருத்தமானது என்பதை முதல் உலகப் போரின் முதல் ஐந்து மாதங்களே காட்டின.

ஒரு கப்பல், இரண்டு போர்கள்

போர் தொடங்கியபோது சீனக் கடற்கரையைத் தளமாகக் கொண்டிருந்த ஜெர்மானியக் கிழக்காசியப் படைப்பிரிவு, தளபதி ஃபான் ஸ்பேயின் தலைமையில் பசிபிக் பெருங்கடலைக் கடந்து தென் அமெரிக்காவை நோக்கிச் சென்றது. அதிலிருந்து பிரிந்து இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்த ஒற்றைக் கப்பல்தான், 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கிடங்குகள்மீது குண்டு வீசிய எம்டன். சுமார் 3,600 டன் எடையும் பத்து 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகளும் கொண்ட அந்த இலகு க்ரூசர், ஆயுதமற்ற வணிகக் கப்பல்களைப் பிடிப்பதற்கும் திடீரெனத் தோன்றி மறைவதற்கும் போதுமானது. தன்னைவிடப் பெரிய கப்பலோடு பொருதுவதற்கு உரியதன்று. நவம்பர் 9ஆம் நாள் கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்னும் க்ரூசர் அதை எதிர்கொண்டது. முதலில் குண்டு வீசியதும் முதலில் குறியைத் தொட்டதும் எம்டன்தான். ஆயினும் சிட்னியின் 6 அங்குலக் குண்டு ஒன்று சுமார் 45 கிலோ எடை கொண்டது. எம்டனின் குண்டு அதில் பாதியைக்கூட எட்டவில்லை. வேகத்திலும் சிட்னிக்கே மேலாண்மை இருந்ததால், சண்டை எந்தத் தொலைவில் நடக்க வேண்டும் என்பதை அதுவே தீர்மானித்தது. எம்டன் சிதைந்து பவளத்திட்டில் தரைதட்டி நின்றது.

ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 8ஆம் நாள், ஸ்பேயின் முதன்மைப் படைப்பிரிவு தெற்கு அட்லாண்டிக்கில் உள்ள ஃபாக்லாந்துத் தீவுகளை அணுகியபோது, அங்கே இன்வின்சிபிளும் அதன் சகோதரக் கப்பலான இன்ஃப்ளெக்சிபிளும் நிலக்கரி ஏற்றிக்கொண்டிருந்தன. ஸ்பேயின் ஷார்ன்ஹார்ஸ்ட், க்னைசெனாவ் ஆகிய கவசக் க்ரூசர்கள் 21 சென்டிமீட்டர் பீரங்கிகளைக் கொண்டவை. நெடும் பயணத்தால் தேய்ந்திருந்த அவற்றால் 25 நாட் வேகத்திலிருந்து தப்ப முடியவில்லை. பிரிட்டிஷ் கப்பல்கள் தமக்கு ஏற்ற தொலைவில் நின்றபடி இரண்டையும் மூழ்கடித்தன. வடிவமைப்பாளர் எந்தப் போரை ஊகித்தாரோ அதே போர் நடந்தது. விட்டுக்கொடுத்த கவசம் தேவைப்படவே இல்லை. ஆனால் அந்த வெற்றிக்கு இரு கப்பல்களும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குண்டுகளைச் செலவிட நேர்ந்தது. அடுத்த போரில் இன்னும் விரைவாகச் சுட வேண்டும் என்ற எண்ணம் கடற்படையில் வலுப்பெற இதுவும் ஒரு காரணமாயிற்று.

1916 மே 31ஆம் நாள் வட கடலில் நடந்த ஜட்லாண்ட் போரில் அதே இன்வின்சிபிள், தன்னைப் போலவே பெரிய பீரங்கிகளைக் கொண்ட ஜெர்மானியப் பேட்டில்க்ரூசர்களின் எதிரே நின்றது. அதன் நடுப்பகுதியில் இருந்த பீரங்கிக் கூண்டை ஒரு குண்டு துளைத்தது. அங்கே மூண்ட தீ வெடிமருந்துக் கிடங்கை எட்டியதும் கப்பல் இரண்டாகப் பிளந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிழைத்தவர் ஆறு பேர். அதே நாளில் இன்டிஃபாட்டிகபிள், குயீன் மேரி என்னும் இரண்டு பிரிட்டிஷ் பேட்டில்க்ரூசர்களும் வெடித்து மூழ்கின.

இந்த இழப்புகளுக்கு மெல்லிய கவசமே காரணம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. பிற்கால ஆய்வுகள் அதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சுட்டுகின்றன. பீரங்கிக் கூண்டுக்கும் அடித்தளத்தில் உள்ள வெடிமருந்துக் கிடங்குக்கும் இடையே தீ பரவாமல் தடுக்கக் கதவுகள் இருந்தன. சுடும் வேகத்தைக் கூட்டுவதற்காக மாலுமிகள் அவற்றைத் திறந்தே வைத்தனர். பட்டுப் பைகளில் இருந்த உந்துமருந்தைக் கூண்டின் அருகிலேயே அளவுக்கு மீறிக் குவித்தும் வைத்தனர். ஜெர்மானியர்களோ 1915 ஜனவரியில் நடந்த டாகர் பேங்க் மோதலில், சைட்லிட்ஸ் என்னும் கப்பலின் இரண்டு கூண்டுகள் எரிந்து போனதைக் கண்டு, கூண்டுக்குள் ஒரே நேரத்தில் இருக்கக்கூடிய மருந்தின் அளவைக் கட்டுப்படுத்தியிருந்தனர். சைட்லிட்ஸ் 28 சென்டிமீட்டர் பீரங்கிகளோடு நிறைவடைந்து, மிச்சமான எடையை 300 மில்லிமீட்டர் கவசத்துக்கும் நெருக்கமான நீர்புகா அறைகளுக்கும் கொடுத்த கப்பல். ஜட்லாண்டில் இருபதுக்கும் மேற்பட்ட பெரிய குண்டுகளையும் ஒரு டார்பிடோவையும் வாங்கி, ஆயிரக்கணக்கான டன் நீரைச் சுமந்துகொண்டு, அது தட்டுத்தடுமாறித் துறைமுகம் சேர்ந்தது.

ஆக, இன்வின்சிபிளின் கதையில் இரண்டு பேரங்கள் உள்ளன. கவசத்தைக் கொடுத்து வேகத்தைப் பெற்றது வரைபட மேசையில், எண்களோடு, தெரிந்தே செய்யப்பட்டது. பாதுகாப்பைக் கொடுத்துச் சுடும் வேகத்தைப் பெற்றது கப்பலுக்குள், யாரும் எழுத்தில் பதியாமல் செய்யப்பட்டது. முதல் பேரத்தில் இழந்ததைத் தளபதிகள் மறந்தனர். பேட்டில்ஷிப்புக்கு நிகரான பீரங்கி இருந்ததால் பேட்டில்ஷிப்புக்கு நிகரான கப்பல் என்றே அதை நடத்தினர். இரண்டாவது பேரத்தில் இழந்தது என்ன என்பதையே பலர் உணரவில்லை. கப்பலைக் கொன்றது இவ்விரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்ததுதான்.

கவிழ்ந்த கப்பல்கள்

எடை எவ்வளவு என்பதோடு அது எங்கே இருக்கிறது என்பதும் கணக்கில் சேரும். கப்பல் ஒரு பக்கம் சாயும்போது நீருக்குள் அமிழும் பகுதி அதை மேலே தள்ளி நிமிர்த்துகிறது. எடையின் ஈர்ப்பு மையம் உயர உயர இந்த நிமிர்த்தும் விசை குறைகிறது. பீரங்கி, கவசக் கூண்டு, பாய்மரம், ரேடார் போன்றவை உயரத்தில் இருந்தால்தான் பயன் தருபவை என்பதால், ஆயுத வலிமைக்கும் நிலைத்தன்மைக்கும் இடையே தீராத இழுபறி உண்டு.

1870 செப்டம்பரில் ஸ்பெயினின் ஃபினிஸ்டர் முனைக்கு அப்பால் கவிழ்ந்த பிரிட்டிஷ் கப்பலான கேப்டன் இதற்குப் பெயர்போன சான்று. அதைத் திட்டமிட்ட கௌப்பர் கோல்ஸ், சுழலும் பீரங்கிக் கூண்டுகளைக் கடல்மட்டத்துக்கு அருகில் வைக்க விரும்பியதால் கப்பலின் பக்கங்கள் தாழ்வாக அமைந்தன. அன்றைய நீராவி எந்திரங்களை மட்டும் நம்பிப் பெருங்கடலைக் கடக்க இயலாது என்பதால் உயரமான பாய்மரங்களும் சேர்ந்தன. கட்டுமானத்தின்போது எடை திட்டத்தை மீறியதால், நீர்மட்டத்துக்கு மேல் எட்டு அடி இருக்க வேண்டிய பக்கம் ஆறரை அடிதான் நின்றது. கடற்படையின் தலைமை வடிவமைப்பாளர் எட்வர்ட் ரீட் இந்த அமைப்பை எதிர்த்திருந்தார். நள்ளிரவுப் புயலில் பாய்கள் காற்றை வாங்கியதும் சாய்ந்த கப்பல் மீண்டும் நிமிரவில்லை. கோல்ஸ் உட்பட ஏறத்தாழ 480 பேர் இறந்தனர். உயர்ந்த பக்கங்களோடு ரீட் வடிவமைத்த மோனார்க் அதே புயலைத் தாங்கி நின்றது.

ஜப்பானியக் கடற்படை 1934 மார்ச்சில் இதே பாடத்தை மறுபடி கற்றது. 1930ஆம் ஆண்டின் லண்டன் ஒப்பந்தம் 600 டன்னுக்குக் குறைந்த கப்பல்களுக்கு எண்ணிக்கை வரம்பு விதிக்கவில்லை என்பதால், அந்த எடைக்குள் ஒரு பெரிய நாசகாரிக் கப்பலின் ஆயுதங்களில் பாதியை ஏற்றி விடலாம் என்று கருதப்பட்டது. அவ்வாறு கட்டி முடித்துச் சில வாரங்களே ஆன டோமோசுரு, பயிற்சியின்போது கடுங்கடலில் கவிழ்ந்து குழுவினரில் பெரும்பாலானோரைப் பலிகொண்டது. அதன்பின் பல கப்பல்களிலிருந்து பீரங்கிகளையும் மேற்கட்டுமானங்களையும் கழற்றி, அடித்தளத்தில் நிலைச்சுமை ஏற்ற வேண்டியதாயிற்று.

ஒப்பந்தம் விதித்த எல்லை

பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான், பிரான்ஸ், இத்தாலி ஆகிய நாடுகள் 1922இல் கையெழுத்திட்ட வாஷிங்டன் ஒப்பந்தம், புதிய பேட்டில்ஷிப்பின் எடை 35,000 டன்னையும் அதன் பீரங்கி 16 அங்குலத்தையும் தாண்டக்கூடாது என்று விதித்தது. கப்பலைப் பெரிதாக்கிச் சிக்கலிலிருந்து தப்பும் வழி இதனால் அடைபட்டது. பிரிட்டன் 1927இல் முடித்த நெல்சன், ராட்னி என்னும் இரு கப்பல்களிலும் மூன்று பீரங்கிக் கூண்டுகளும் பாலம் எனப்படும் கட்டளை மேடைக்கு முன்னாலேயே அடுத்தடுத்து அமைந்தன. காண்பதற்கு விநோதமான இந்த ஏற்பாட்டின் காரணம் எளியது: கூண்டுகளும் கிடங்குகளும் ஓரிடத்தில் சேர்ந்தால் கவசம் போர்த்த வேண்டிய நீளம் குறையும், அதே எடையில் தகடு தடிக்கும். ஒன்பது 16 அங்குலப் பீரங்கிகளும் 14 அங்குலக் கவசமும் கிடைத்தன. விட்டுக்கொடுத்தது வேகம், 23 நாட்டுக்கு மேல் அவற்றிடம் எதிர்பார்க்கப்படவில்லை.

இதற்கு முன்பே, 1916இல் பணிக்கு வந்த அமெரிக்காவின் நெவாடா, கவசத்தைப் பரப்பும் முறையையே மாற்றியிருந்தது. கப்பல் முழுவதும் நடுத்தரத் தகடுகளைப் போர்த்தினால் அவை பெரிய குண்டைத் தடுக்கமாட்டா. வெடிக்கத் தூண்டுவதற்கு மட்டுமே பயன்படும். ஆகவே கிடங்கு, எந்திரம், பீரங்கி ஆகிய உயிர்நிலைகளுக்கு இயன்ற மட்டும் தடித்த கவசம், மற்ற இடங்களுக்கு எதுவுமே இல்லை என்ற கொள்கை அதில் பின்பற்றப்பட்டது. எந்த அடியை வாங்கிக்கொள்ளலாம் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு வடிவமைக்கும் நேர்மை இதில் உண்டு.

கவசம் மறைந்த காலம்

ஒப்பந்தங்கள் காலாவதியான பின் ஜப்பான் கட்டிய யமாடோ, 46 சென்டிமீட்டர் பீரங்கி ஒன்பதும் 410 மில்லிமீட்டர் கவசமும் கொண்டு, முழுச் சுமையில் 70,000 டன்னைத் தாண்டியது. எதிரியின் எந்தப் பேட்டில்ஷிப்போடு மோதினாலும் வெல்லும் நோக்கில் கட்டப்பட்ட அக்கப்பல், 1945 ஏப்ரல் 7ஆம் நாள், எதிரிக் கப்பல் ஒன்றைக்கூடக் காணாமல் விமானங்களின் குண்டுகளாலும் டார்பிடோக்களாலும் மூழ்கியது. ஏவுகணைகள் வந்த பிறகு தடித்த கவசம் ஏறக்குறைய முழுவதுமாக மறைந்து, எதிரி ஏவுகணையை வழியிலேயே வீழ்த்துவது பாதுகாப்பின் பொருளாயிற்று.

அதனால் பேரங்கள் ஒழிந்துவிடவில்லை, இடம் மாறின. கடல்மட்டத்தை ஒட்டி ஐந்து மீட்டர் உயரத்தில் பறந்து வரும் ஏவுகணையை, 25 மீட்டர் உயரத்தில் உள்ள ரேடார் சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில்தான் காண முடியும். பூமியின் வளைவு அதற்கு அப்பால் மறைத்துவிடும். ஏறக்குறைய ஒலியின் வேகத்தில் வரும் ஏவுகணைக்கு அது ஒன்றரை நிமிடப் பயணம். ரேடாரை மேலும் உயர்த்தினால் சில விநாடிகள் கூடும்; ஆனால் பல டன் எடையுள்ள கருவி உயரே போகும்போது கேப்டனைக் கவிழ்த்த அதே சிக்கல் திரும்புகிறது. மேற்பகுதியின் எடையைக் குறைக்கப் பல கடற்படைகள் அலுமினியத்தை நாடின. 1975 நவம்பரில் அமெரிக்காவின் பெல்க்னாப், ஜான் எஃப். கென்னடி என்னும் விமானந்தாங்கிக் கப்பலோடு மோதித் தீப்பற்றியபோது அதன் அலுமினிய மேற்கட்டுமானம் நாசமானது. 1991இல் பணிக்கு வந்த ஆர்லி பர்க் வகை நாசகாரிக் கப்பல்களில் எடைச் சுமையை ஏற்றுக்கொண்டு எஃகுக்கே அமெரிக்கா திரும்பியது.

விமானந்தாங்கிக் கப்பல்களிலும் இதே இழுபறியைக் காணலாம். 2022 செப்டம்பரில் கொச்சியில் இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பட்ட, 262 மீட்டர் நீளமுள்ள விக்ராந்த், விமானங்களை உந்தி எறியும் விசைப்பொறிக்குப் பதிலாக முனையில் மேல்நோக்கி வளைந்த ஓடுதளத்தைக் கொண்டது. எரிவாயு டர்பைன்களால் இயங்கும் கப்பலில் நீராவி விசைப்பொறிக்கு வேண்டிய நீராவி இயல்பாகக் கிடைப்பதில்லை. வளைதளமோ எந்திரமே இல்லாத, பழுதாகாத, மலிவான அமைப்பு. அதற்கு ஈடாக, விமானங்கள் தம் முழு எரிபொருளையும் ஆயுதச் சுமையையும் ஏற்றிக்கொண்டு எழும்ப இயலாது. கனமான முன்னெச்சரிக்கை ரேடார் விமானங்களும் அதிலிருந்து எழ முடியாது.

ஊகம் முற்றிலும் தவறிய நிகழ்கால எடுத்துக்காட்டு அமெரிக்காவின் ஸும்வால்ட். ரேடாரில் சிக்காத வடிவமும், தொலைதூரக் கரையிலக்குகளைத் துல்லியமாகத் தாக்கும் இரண்டு 155 மில்லிமீட்டர் பீரங்கிகளும் கொண்ட இக்கப்பல்கள் 32 கட்டப்படுவதாக இருந்தது. விலை ஏறியதால் மூன்றோடு நின்றன. கப்பல்கள் குறைந்ததால் அவற்றுக்கென்றே உருவான சிறப்புக் குண்டின் தேவையும் குறைந்து, ஒரு குண்டின் விலை சுமார் 8 லட்சம் டாலரை எட்டியது. கடற்படை அதை வாங்குவதைக் கைவிட்டபோது, கப்பலின் முதன்மை ஆயுதம் சுடுவதற்குக் குண்டில்லாத பீரங்கியாக நின்றது. பின்னர் பீரங்கிகளை அகற்றி ஏவுகணைகளைப் பொருத்தும் பணி தொடங்கியது.

விண்வெளியில் அதே கணக்கு

ஸும்வால்ட் போன்ற ஒரு கதையை ஆர்தர் சி. கிளார்க் 1951இலேயே சிறுகதையாக எழுதிவிட்டார் என்பது அறிவியல் புனைகதையின் கூர்மைக்குச் சான்று. மேன்மை என்னும் பொருள்படும் தலைப்புக் கொண்ட அக்கதையில், விண்வெளிப் போர் ஒன்றில் வலிமையான தரப்பு, பழைய ஆயுதங்களின் உற்பத்தியை நிறுத்திவிட்டுப் புதுப்புது வியப்புகளின் பின்னால் ஓடி, எண்ணிக்கையிலும் பராமரிப்பிலும் தடுமாறி, எளிய ஆயுதங்களை ஏராளமாகக் கொண்ட எதிரியிடம் தோற்கிறது.

விண்வெளியில் மிதப்பதற்கு நீர் வேண்டியதில்லை என்பதால் எடை பொருட்டன்று என்று தோன்றலாம். உண்மை அதற்கு எதிரானது. ரஷ்ய அறிஞர் சியால்கோவ்ஸ்கி 1903இல் வெளியிட்ட ராக்கெட் சமன்பாட்டின்படி, வெளியேறும் வாயுவின் வேகத்துக்குச் சமமான வேக மாற்றத்தைப் பெற, புறப்படும்போதைய நிறை எரிபொருள் தீர்ந்த பின் எஞ்சும் நிறையைப் போல் 2.7 மடங்கு இருக்க வேண்டும். இரட்டிப்பு வேக மாற்றத்துக்கு 7.4 மடங்கு, மும்மடங்குக்கு 20 மடங்கு. ஒவ்வொரு கவசத் தகடும் தன்னைப் போல் பல மடங்கு எரிபொருளைக் கோரும். அடுத்தது வெப்பம். கடற்கப்பலின் எந்திரம் தன் வெப்பத்தைக் கடலில் கொட்டிவிடும். வெற்றிடத்தில் வெப்பம் கதிர்வீச்சாக மட்டுமே வெளியேறும். அதற்குப் பரந்த கதிர்வீச்சுத் தகடுகள் வேண்டும். அவை எதிரிக்கு எளிய இலக்கு, மடக்கிக்கொண்டாலோ கப்பலே வெந்துபோகும். ஸ்டான்லி குப்ரிக்கின் 2001: எ ஸ்பேஸ் ஒடிஸி திரைப்படத்தின் விண்கலத்துக்கு முதலில் இத்தகைய தகடுகள் வரையப்பட்டு, பார்வையாளர்கள் அவற்றைச் சிறகுகள் என்று எண்ணக்கூடும் என்பதால் நீக்கப்பட்டன. புனைகதைக் கப்பலைக் கட்டுபவர் இயற்பியலோடு மட்டுமன்றிப் பார்ப்பவர் கண்ணோடும் பேரம் பேச வேண்டியிருக்கிறது.

இதுவரை விண்வெளியில் பொருத்தப்பட்ட உண்மையான பீரங்கி, 1974இல் சோவியத் ஒன்றியம் ஏவிய சல்யூட் 3 நிலையத்தில் இருந்தது. அது நிலையத்தின் உடலோடு நிலையாக இணைக்கப்பட்டிருந்ததால், குறிபார்க்க நிலையத்தையே திருப்ப வேண்டும். விண்வெளி வீரர்கள் வெளியேறிய பின், 1975 ஜனவரியில், தரையிலிருந்து கட்டளையிட்டு அதைச் சுட்டுப் பார்த்தனர். சுழலும் கூண்டின் எடையை மிச்சப்படுத்திய பேரத்தின் விலை, நிலையத்தையே திருப்ப வேண்டியிருந்ததுதான்.

நல்ல புனைகதைகள் இந்த இழுபறியைக் கதையின் எலும்பாகவே ஆக்கிக்கொள்கின்றன. டேவிட் வெபர் 1993இல் எழுதிய நாவலில், ஹானர் ஹாரிங்டன் தலைமையேற்கும் ஃபியர்லெஸ் என்னும் சிறு க்ரூசரிலிருந்து வழக்கமான ஆயுதங்களின் பெரும்பகுதி பிடுங்கப்பட்டு, மிக நெருங்கினால் மட்டுமே பயன்படும் ஒரு புதிய ஆயுதம் பொருத்தப்படுகிறது. முதல் பயிற்சியில் எதிர்த்தரப்பு அறியாதிருந்ததால் அது வெல்கிறது. எல்லோரும் அறிந்துகொண்டதும் தொடர்ந்து தோற்கிறது. மேலிடத்தின் தவறான ஊகத்தைக் கப்பலின் தலைவரும் மாலுமிகளும் சுமந்து போரிடுவதே நாவலின் உயிர். ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்ற புனைபெயரில் இருவர் எழுதிய தி எக்ஸ்பான்ஸ் வரிசையில், கப்பலின் தளங்கள் உந்துவிசையின் திசைக்குக் குறுக்கே மாடிகள்போல் அடுக்கப்பட்டிருக்கின்றன; சண்டைக்கு முன் மாலுமிகள் விண்ணுடை அணிந்து அறைகளின் காற்றை வெளியேற்றுகின்றனர், துளை விழுந்தாலும் காற்று பீறிடாமல் இருப்பதற்காக. ஸ்டார் ட்ரெக்கில் குடும்பங்களோடு பயணம் செய்யும் எண்டர்பிரைஸுக்கு மாறாக, 1994இல் அறிமுகமான டிஃபையண்ட் போருக்கென்றே ஆனது. சிறிய உடலுக்கு மிஞ்சிய எந்திரமும் ஆயுதமும் கொண்டதால் சோதனையோட்டத்தில் அது தன்னைத்தானே சிதைத்துக்கொள்ள இருந்ததாகக் கதை சொல்கிறது.

மாறாக, ஸ்டார் வார்ஸ் படங்களின் பேரரசுக் கப்பல்கள் எதையும் விட்டுக்கொடுக்காதவைபோல் காட்சி தருகின்றன. ஆனால் 1983இல் வந்த படத்தில் எக்ஸிக்யூட்டர் என்னும் மாபெரும் கப்பல், உயரத்தில் துருத்திக்கொண்டு நின்ற கட்டளை மேடையில் ஒரு சிறு போர்விமானம் மோதியதால் அழிகிறது. பார்வைக்குக் கம்பீரம் தந்த அந்த மேடை, கடற்கப்பலின் பாலத்தை விண்வெளிக்குக் கடன் வாங்கியதன் விளைவு. 1974இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் யமாடோவே விண்கப்பலாக உயிர்த்தெழுந்தபோதும், கடலுக்கென வரைந்த உருவம் அப்படியே விண்ணுக்குச் சென்றது.

காலி இடத்தின் மதிப்பு

ஊகம் தவறக்கூடும் என்பதை ஒப்புக்கொள்ளும் வடிவமைப்பாளர் கடைசியாக ஒரு பேரம் செய்கிறார்: இன்று எதற்கும் பயன்படாத இடத்தையும் எடைத் தாங்குதிறனையும் கப்பலில் விட்டுவைக்கிறார். நிதியை ஒதுக்குபவர்கள் முதலில் வெட்ட விரும்புவதும் இதைத்தான். பிரிட்டனின் டைப் 42 நாசகாரிக் கப்பல்களின் முதல் தொகுதி, செலவைக் குறைக்க 125 மீட்டர் நீளத்துக்குள் சுருக்கப்பட்டது. நெருக்கடி மிகுந்த அவ்வுடலில் புதிய கருவிகளைச் சேர்க்க இடமில்லாததால், கடைசித் தொகுதியை 16 மீட்டர் நீட்டிக் கட்ட நேர்ந்தது. கப்பலின் மொத்த விலையில் எஃகின் பங்கு சிறிது. ரேடாரும் ஏவுகணையும் கணினியுமே விலை மிகுந்தவை. ஆகவே உடலைச் சுருக்கி மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் ஏமாற்றும் சிக்கனம். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கட்டப்பட்டு வரும் ஆர்லி பர்க் வகையோ, மேம்படுத்தும் தோறும் தன் உபரியைச் செலவழித்து, இன்று புதிய பெரிய ரேடாருக்குப் பின் இனிச் செலவழிக்க அதிகம் மீதமில்லாத நிலையை அடைந்துள்ளது.

குறையில்லாத போர்க்கப்பல் கட்டப்பட்டதில்லை, கட்டவும் இயலாது. இன்வின்சிபிள் ஃபாக்லாந்தில் கொண்டிருந்த அதே குறையோடுதான் ஜட்லாண்டுக்கும் சென்றது. இடையில் மாறியது, அந்தக் குறையை நினைவில் வைத்திருந்தவர்களின் எண்ணிக்கை. ஒரு கடற்படையின் திறமையை அதன் கப்பல்களின் பீரங்கியையும் ஏவுகணையையும் எண்ணி அளப்பதைவிட, ஒவ்வொரு கப்பலிலும் எது விடப்பட்டது, அதை யார் அறிந்திருக்கிறார்கள், எந்தப் போருக்கு அதை அனுப்பக்கூடாது என்று அவர்கள் சொல்லத் துணிகிறார்களா என்ற கேள்விகளால் அளப்பதே பொருந்தும்.